தாபோடி ஷெட்டில் ஒரு பேண்ட் சா

எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. இரண்டாயிரத்து மூன்றில், மழை ஓயும் சமயம். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தேன். அம்மா கோயம்புத்தூரிலிருந்து வந்து நாற்பது நாள் கூடவே இருந்துவிட்டுப் போனார். புனேயில், ஹிஞ்சேவாடியில் நான் வேலை பார்த்த மென்பொருள் கம்பெனி விடுப்பை நீட்டிக் கொடுத்தது. அம்மா போன பிறகு ஔந்த் பிளாட்டில் பகல் முழுக்க நான் மட்டும். அழுகை வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். எப்படி இருக்கிறாய் என்று யாராவது போனில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றேன். அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

கணவருக்கும் மென்பொருள் வேலைதான், வேறு கம்பெனியில். காலையில் கம்பெனி வண்டி ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். வந்ததும் "சாப்டியா?" என்பார். "சாப்டேங்க" என்பேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

ஒரு நாள் செய்தித்தாளில் சின்ன விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன். போசரியில் ஒரு ஃபவுண்டரியை மூடுகிறார்கள். அதன் பேட்டர்ன் ஷாப்பில் உள்ள பழைய மரவேலை மெஷின்கள் இருக்கிற நிலையிலேயே விற்பனைக்கு. இரும்பு வார்ப்பதற்கு முன்னால் அதே வடிவத்தை மரத்தில் செய்து பார்ப்பார்கள். அந்த மர வடிவத்துக்குப் பெயர்தான் பேட்டர்ன். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்தபோது ஒரு பருவம் முழுக்க நான் அதைச் செய்திருக்கிறேன். வகுப்பில் நாங்கள் மூன்றே பெண்கள். வேலைக்கு வந்தபின் மரத்தையும் தொட்டதில்லை, இரும்பையும் தொட்டதில்லை.

ஏன் கிளம்பினேன் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆட்டோ பிடித்துப் போனேன். வாசலில் இருந்த வாட்ச்மேன் ஏதோ கான்ட்ராக்டரின் ஆள் என்று நினைத்து உள்ளே விட்டார். பேட்டர்ன் ஷாப்பில் ஜன்னல்கள் உடைந்து, தரையெல்லாம் புறா எச்சமாக இருந்தது. மூலையில் அந்த மெஷின் நின்றது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டும் மூன்றடி விட்டம். இரண்டையும் சுற்றி நாடா மாதிரி ரம்பம் ஓடும். பேண்ட் சா என்று பெயர். எங்கள் காலேஜிலும் ஒன்று இருந்தது, என் தோளுயரம். இது என்னைவிட இரண்டு முழம் உயரம். அதன் உடம்பு முழுவதும் ஒரே வார்ப்பு, யானை தும்பிக்கையை வளைத்த மாதிரி. அதன்மேல் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. இதை யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று தோன்றியது. சில மாதங்களில் என் மனதில் வந்த முதல் கேள்வி அது.

பக்கத்தில் பங்கார்க்காரர் ஒருவர், பழைய இரும்பு வாங்குகிறவர், சம்மட்டியோடு ஆட்களை நிறுத்தி வைத்திருந்தார்.

"இதை அப்படியே தூக்க முடியாது மேடம், நாளைக்கு உடைச்சிடுவோம்" என்றார் ஹிந்தியில்.

"உடைக்க வேண்டாம். நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

அவர் என் பின்னால் ஆண்கள் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் வரவில்லை. ஃபவுண்டரி மேனேஜர் பழைய இரும்பு விலைக்கே தர ஒப்புக்கொண்டு, எடுத்துப்போக ஒரு வாரம் கெடு கொடுத்தார்.

அன்று கணவர் வந்ததும் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"எத்தன கிலோ இருக்கும்?"

"ஒரு டன்னுக்கு மேலீங்க."

"நாம ரெண்டாவது மாடில இருக்கறோம்."

"ஆமாங்க."

"எதுக்கு இது?"

"தெரியலீங்க."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். செரி, இடம் விசாரிக்கறேன் என்று மட்டும் சொன்னார்.

அவருடைய கம்பெனி வண்டி ஓட்டுநரின் வீடு தாபோடியில். பக்கத்து வீட்டில் ஒரு தமிழ் அக்கா இருந்தார். வேலூரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். புனேயில் முப்பது வருடம். அவர் வீட்டுக்காரர் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து இறந்துபோனவர். வீட்டுக்குப் பின்னால் அவர் போட்டுவைத்த தகர ஷெட் காலியாகக் கிடந்தது. அக்கா மெஷினின் உயரத்தைக் கேட்டுவிட்டு மேலே அண்ணாந்து பார்த்தார்.

"அரே, அத்தன ஒசரமா? மேல ரெண்டு பத்ரா தகடு கழட்டுனாத்தான் உள்ள போவும். சலேகா, பரவால்ல, கழட்டிக்க. அவரு போனப்புறம் சும்மாதான் கெடக்குது."

ஃபவுண்டரியில் கிரேன் வைத்து லாரியில் ஏற்றியாயிற்று. ஆனால் தாபோடி சந்துக்குள் லாரியும் நுழையாது, கிரேனும் நுழையாது. முனையில் இறக்கி, இரும்புக் குழாய்களை அடியில் போட்டு உருட்டிக்கொண்டு போனார்கள். சுமை தூக்கும் ஹமால்கள் ஆறு பேர் கயிறு பிடித்தார்கள். கணவர் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். அக்கா வீட்டு வாசலில் சாக்கடையை மூடியிருந்த கல் மேல் மெஷின் ஏறியதும் கல் உடைந்தது. மெஷின் மெதுவாக என் பக்கம் சாய்ந்தது.

அது சாய்வதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நகர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஹமால்கள் கத்துவது தூரத்தில் யாரோ கத்துவது மாதிரி கேட்டது. கணவர் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். மெஷின் அக்காவின் காம்பவுண்டு சுவரில் மோதி, சுவரை உடைத்து, அதிலேயே சாய்ந்து நின்றுவிட்டது.

"செவுரு போனா போவுது, ஆளுக்கு ஒண்ணும் ஆவலியே" என்று அக்கா ஓடி வந்தார்.

கணவரின் கை என் தோளிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் என்னைத் தொட்டது அன்றுதான். வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே கேட்டார்:

"நீ ஏன் நகரல?"

சுவரைக் கட்ட எவ்வளவு ஆகும் என்று திருப்பிக் கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் கட்டிக் கொடுத்தார்.

அதன் பிறகு தினமும் ஷெட்டுக்குப் போனேன். பெயிண்டைச் சுரண்டுவதுதான் வேலை. மேலே பச்சை, அதற்கடியில் சாம்பல் நிறம், அதற்கும் அடியில் கறுப்பு. மூன்றாம் வாரம் உடம்பின் வளைவில் ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. செய்த ஊரின் பெயரில் பாதியை யாரோ தேய்த்து எடுத்திருந்தார்கள். மேசையின் ஓரத்தில் ஐந்து இலக்க எண் ஒன்று குத்தியிருந்தது. இணையத்தில் பழைய மெஷின்காரர்கள் கூடும் குழு ஒன்றில் அந்த எண்ணையும் எழுத்துகளையும் எழுதிப் போட்டேன். நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள். கடைசியில் இங்கிலாந்தின் வடக்கிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுதினார். மூடிப்போன கம்பெனிகளின் பதிவேடுகளைச் சேர்த்து வைத்திருப்பவர் அவர். படம் அனுப்பச் சொன்னார். எங்களிடம் டிஜிட்டல் கேமரா இல்லை. பிலிமில் எடுத்து, ஸ்டுடியோவில் கழுவி, சைபர் கஃபேயில் ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

ஒன்றரை மாதம் கழித்துத் தபால் வந்தது. ஒரு பதிவேட்டுப் பக்கத்தின் நகல். பேனாவால் எழுதிய வரிகள். எங்கள் எண் நடுவில் இருந்தது. சக்கரத்தின் அளவு, எந்த நாளில் முடிந்தது, மூன்று பெட்டிகளில் கட்டி பம்பாய்க்குக் கப்பலில் அனுப்பியது, வாங்கியது ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை. கடைசியில் சரிபார்த்தவரின் சின்னக் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை அதை ஷெட்டுக்கு எடுத்துப்போனேன். கணவர் கம்பி பிரஷ்ஷால் கீழ்ச்சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவரும் ஞாயிறுதோறும் வர ஆரம்பித்திருந்தார். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்கறாங்க பாரு."

"நம்மளுக்குத்தான் ஒண்ணுமில்ல" என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது.

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"இருக்குது."

"என்னங்க இருக்குது?"

"கார்ப்பரேஷன்ல பதிஞ்சிருக்கேன். நீ ஆஸ்பத்திரில இருந்தப்பவே போனேன். பொறக்கறப்பவே உசிரில்லைன்னாலும் பதியோணும்னு சொன்னாங்க."

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"பேரு போட்டிருக்குதுங்களா?"

"பேருக்கு அதுல எடமில்ல. பொண்ணுன்னு இருக்குது. தேதி இருக்குது. உம் பேரு, எம் பேரு." பிறகு சொன்னார்: "அங்க இருந்த கிளார்க் எந்திரிச்சு அவரு சேரை எனக்குக் குடுத்தாரு. நான் பூரா நேரமும் நின்னுட்டேதான் இருந்தேன்னு அப்புறம் அவருதான் சொன்னாரு."

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. அக்கா வீட்டுக் குக்கர் விசிலடித்தது. நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மறுநாள் ஆபீஸ் டிராயரிலிருந்து அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தார். ஒருமுறை படித்தேன். ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் வைக்கும் கோப்பில் வைக்கச் சொன்னேன். வைத்தார்.

ஏப்ரலில் வேலைக்குத் திரும்பினேன். அதன் பிறகு ஞாயிறு மட்டும்தான் மெஷின். போசரிப் பட்டறை ஒன்றில் பழைய பேரிங்குகளில் ஈயக் கலவையைப் புதிதாக உருக்கி ஊற்றி வாங்கினோம். சக்கரங்களுக்கு ரப்பர் மாற்றினோம். எல்லாம் முடிந்தபின், குடியிருப்புச் சந்தில் மெஷினின் மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் மின்சாரம் தர முடியாது என்று மின்வாரியத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டு முறை மனு எழுதினேன். இரண்டு முறையும் அதே பதில்.

டிம்பர் மார்க்கெட்டில் மரக்கடை வைத்திருந்த குஜராத்தி ஒருவர் கேள்விப்பட்டு வந்து பார்த்தார். சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிவிட்டு, அது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடமே கொடுத்துவிட்டோம். உடைக்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அக்காவுக்குத்தான் வருத்தம். "வூட்டுல ஆம்பள இருந்த மாரி இருந்துச்சு" என்றார்.

மரக்கடைக்காரர் கூப்பிட்டபோது இருவரும் போய்ப் பார்த்தோம். சிமெண்ட் மேடை கட்டி நிறுத்தியிருந்தார். சுவிட்சைப் போட்டதும் சக்கரங்கள் மெல்லக் கிளம்பி வேகம் பிடித்தன. நான் நினைத்திருந்ததைவிடச் சத்தம் குறைவு. ஒரு தேக்குக் கட்டையைத் தள்ளினார்கள். கோடு போட்ட மாதிரி பிளந்துகொண்டு போனது.

"எப்படி இருக்குது?" என்று கணவர் என் காதருகே கேட்டார்.

"ஒண்ணும் தோணலீங்க. ஆனா இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்."

இன்னும் மூன்று கட்டைகள் அறுக்கும்வரை நின்று பார்த்தோம். மரக்கடைக்காரர் எங்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டு, டீ சொல்லி அனுப்பினார்.