தெருவுக்குக் கேட்கிற பாடம்

ஒக்கலிபுரத்தில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறதா இல்லையா என்பதைத் தெரு காதால்தான் முடிவு செய்யும். காலையில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பெருக்கப் போகிற பெண்கள் ஜன்னலைத் தாண்டும்போது, உள்ளே பிள்ளைகள் ஒரே குரலில் பாடத்தைக் கத்த வேண்டும். கத்தினால் மிஸ் வேலை செய்கிறாள். கத்தாவிட்டால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறாள். நானும் வருஷக்கணக்கில் கத்த வைத்தேன். தொண்டை போனதுதான் மிச்சம்.

பக்கத்து வகுப்பு டோரீனுடையது. நடுவில் சுவர் கிடையாது, ஒரு மரத்தட்டிதான். டோரீன் கோலார் தங்கவயல்காரி. லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். நின்று நின்று கால் வீங்கியிருக்கும். ஆனாலும் நாற்காலியில் உட்கார மாட்டாள். உட்காரேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

தொண்ணூற்றாறு ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் புதுப் பாடப்புத்தகம் வந்தது. டோரீன் முதல் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். பக்கத்தில் குடைப் படம், குடையைப் பற்றிய பாடம். பிள்ளைகளோ அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே குதிரைப் பாடத்தைக் கணீரென்று படித்தார்கள். அது பழைய புத்தகத்துப் பாடம். போன வருஷம் மூன்றாம் வகுப்பு என்னுடையது. அது கத்தியதை, இரண்டாம் வகுப்பில் இருந்த இவர்கள் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டோரீன் அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தாள். முக்கால்வாசிப் பேருக்கு ஒரு வார்த்தைகூடப் படிக்க வரவில்லை. அதில் சௌம்யா என்று ஒருத்தி. வகுப்பிலேயே உரத்த குரல் அவளுடையதுதான். அவளுடைய அம்மா சின்னத்தாயி ஸ்டேஷனில் ரயில் பெட்டி கழுவுகிறவள். "இந்த வருஷம் பாக்கறேன் மிஸ். படிப்பு ஏறலைன்னா நிறுத்திடுவேன், ஊதுபத்தி உருட்டட்டும்" என்று ஜூனில் கொண்டுவந்து விடும்போதே சொல்லியிருந்தாள். அந்தப் பெண்ணை எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்று டோரீனுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் எங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சீனிவாசராகவன் என்று ஒருவர். பிள்ளைகள் எப்படிப் படிக்கக் கற்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்தவராம். அ, ஆ என்று வரிசையாக எல்லாவற்றையும் ஒப்பிக்க விடாதீர்கள் என்றார். அடிக்கடி வருகிற சில எழுத்துகளை ஒலியோடு பழக்கி, உடனே வார்த்தை சேர்க்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் படிக்கக் கேளுங்கள், தினம் ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள் என்றார். என் வகுப்பை ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் மகராசன் என்று நான் முணுமுணுத்தேன். டோரீன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

மறுநாளே கூட்டமாகப் படிப்பதை நிறுத்திவிட்டாள். ட, ப, ம என்று தொடங்கினாள். படம், பட்டம், மட்டம். ஒரு மூலையில் கொஞ்சம் பேர் அட்டைகளைச் சேர்ப்பார்கள், இன்னொரு மூலையில் ஒரு பிள்ளை அவள் காதருகே மெதுவாகப் படிக்கும். தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தெருவுக்கு அது பொறுக்கவில்லை. "அந்த மிஸ் சும்னே குந்திக்கினு கீது" என்று பெரிய டீச்சரிடம் புகார் வந்தது, சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம். பெரிய டீச்சர் கூப்பிட்டுத் திட்டினார். டோரீன் தலையை ஆட்டிவிட்டு வந்து, திரும்ப மூலையில் குனிந்து உட்கார்ந்தாள். பார்க்கவே எனக்கு ஆயாசமாக இருந்தது.

பொங்கல் தாண்டியதும் சின்னத்தாயி வந்து வாசலில் நின்றாள்.

"போதும் மிஸ். அனுப்பிடுங்க."

"கொஞ்சம் உட்காருங்கம்மா. ஒரே ஒரு தரம் கேட்டுட்டுப் போங்க" என்றாள் டோரீன்.

சௌம்யா அதுவரை பார்த்தே இராத ஒரு கதைப்புத்தகத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். சௌம்யா விரலை வைத்தாள். "ம... ழை. மழை. மழை வந்... தது." நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு வரியில் நின்றாள், தப்பாகச் சொன்னாள், தானே திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டாள். தட்டி ஓரம் நின்ற எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யாரும் அந்தக் கதையை அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.

சின்னத்தாயி முகம் சுண்டிப்போயிற்று.

"இன்னா மிஸ் இது. போன வருசம் மளமளன்னு படிச்சா. நானே ரோட்ல நின்னு கேட்டிருக்கேன். இப்ப திக்குறா. உங்ககிட்ட வந்துதான் கெட்டுப்போச்சு எம்பொண்ணு."

"அது படிப்பில்லம்மா. இதுதான் படிப்பு."

"எனுக்குப் படிக்கத் தெரியாது மிஸ். காது கேக்கும் இல்ல?"

எனக்கு சின்னத்தாயி மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் எதைச் சொல்லித் திட்டுவது? அவள் கேட்டது சரிதானே. சௌம்யா கதைப்புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அம்மா பின்னால் போய்விட்டாள். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் டோரீன் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "இப்பதான் படிக்க ஆரம்பிச்சா, ருக்மிணி."

அடுத்த ஜூனில் டோரீன் முதல் வேலையாகத் தெருப்பக்க ஜன்னலை அகலமாகத் திறந்து வைத்தாள். பிள்ளைகளைத் தொண்டை கிழியப் பாடத்தைக் கத்த வைத்தாள். ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கடந்து போனதும் ஜன்னலைச் சாத்திவிட்டு, அட்டைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஓய்வு பெறும்வரை தினமும் இதே கதைதான்.

"எதுக்குடி இந்த இரட்டை வேலை? அந்தக் கத்தலால ஒண்ணும் ஆகாதுன்னு உனக்கே தெரியும்" என்றேன்.

வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அது அம்மாங்களுக்கு. அவங்க காது நெறஞ்சாதான் பிள்ளைய என்கிட்ட விட்டு வைப்பாங்க."