கையில் கொடுத்த கத்தி

தேனிச் சந்தையில் சாக்கை விரித்துக் குவித்துப் போட்டிருப்பார்கள். மரப்பிடி, ஒற்றை அலகு, பிடியின் முனையில் ஒரு பித்தளைப் பூண். மடக்குக் கத்தி என்றால் எங்கள் பக்கத்தில் அவ்வளவுதான். டீக்கும் வடைக்கும் ஆகிற காசுக்குக் கிடைக்கும். புதிதில் திறக்கப்போனால் நகம் பெயரும். ஆறு மாதம் போனால் சொன்னபடி கேட்கும். வாழைக்கறை பட்டு அலகு கருத்துப்போகும், ஆனால் கிணற்றுப் படிக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் முழங்கை முடியை வழிக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா ஒருவர் ஏழு அலகு வைத்த பளபளப்புக் கத்தி ஒன்று கொண்டுவந்தார். அதில் தக்கை பிடுங்கும் திருகுகூட இருந்தது. எங்கள் ஊரில் தக்கை போட்ட பாட்டில் மாட்டாஸ்பத்திரியில் மட்டும்தான் இருந்தது. பாவம், அந்தக் கத்தியை வைத்து அவர் கடைசிவரை கொய்யாப்பழம்தான் அறுத்தார்.

அய்யாவின் கத்தி அவருடைய பச்சை பெல்ட்டுப் பையில் இருக்கும். காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம். கொடியைப் பந்தலில் கட்ட வாழைநார் கிழிக்க வேண்டும். ஒரே கத்தியை அய்யாவும் நானும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வோம். எவ்வளவு அவசரமானாலும் அவர் கையில் தரமாட்டார். மடக்கிக் கல்தூணின் அடியில் வைப்பார், நான் குனிந்து எடுத்துக்கொள்வேன். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பது எங்கள் வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

அய்யா போன பிறகு சொத்தைப் பிரித்தோம். தோட்டம் எனக்கு, வீடு அண்ணனுக்கு. அண்ணன் அல்லிநகரத்தில் ஓர் இரும்புக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு அங்கேயே இருந்தார். நான் குடியிருந்த வீட்டைக் கேட்டு வாங்கி, அதற்குப் பூட்டுப் போட்டார். நானும் என் மனைவியும் சட்டிபானையோடு தோட்டத்துக் கொட்டகைக்குப் போனோம். அந்த வயிற்றெரிச்சல் இன்றைக்கும் எனக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

மூன்றாம் மாதம் அண்ணன் தோட்டத்துக்கு வந்தார்.

"ஏலே, அய்யா கத்தி ஒங்கிட்டத்தான இருக்கு?"

"இருக்கு."

"அத எனக்குக் குடுத்திரு. அய்யா நெனப்பா எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

"ஒங்க கடையிலதான் இதே கத்தி டஜன் டஜனாத் தொங்குதே, அண்ணே. ஒண்ண எடுத்துக்கிட வேண்டியதுதான?"

"அதுல அய்யா கை படலையேலே."

அவர் சொன்னது சரி என்று எனக்கே பட்டது. அதனால்தான் கோபம் தலைக்கேறியது. பெல்ட்டிலிருந்து கத்தியை எடுத்தேன். நான் கீழே வைப்பேன் என்று அண்ணன் பழக்கதோஷத்தில் தரையைப் பார்த்துக் குனிந்தார். நான் அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையில் கத்தியை வைத்து, விரல்களை மூடிவிட்டேன்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போயிற்று. அதைக் கீழே போட்டிருக்கலாம், என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம். எதுவும் செய்யாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார். ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு இரண்டு கவளம் சோறு கூடவே சாப்பிட்டேன்.

அதன் பிறகு பதினோரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. நல்லது கெட்டது எதற்கும் நான் போகவில்லை, அவரும் வரவில்லை. எனக்குக் கத்தி வேண்டுமென்றால் சந்தையில்தான் வாங்குவேன். ஒன்று கிணற்றில் விழும், ஒன்றின் பிடி விரியும், திரும்பப் போவேன். சந்தைக்குப் போகிற வழியில்தான் அண்ணன் வேலை பார்த்த கடை. எதிர்ப்புறமாக நடந்து கடப்பேன். ஒருமுறை அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார். நான் பார்க்காதவன்போல வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்தேன்.

அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் அல்லிநகரத்தில் அவர் வீட்டு வாசலை மிதித்தேன். காரியமெல்லாம் முடிந்து நான் கிளம்புகிற நேரம். மதினி உள்ளேயிருந்து எண்ணெய்த்துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். என் கையில் தரவில்லை. துணியைப் பிரித்து, என் காலடிக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் வைத்தார்.

"ஒங்க அண்ணன் இத வச்சு ஒரு நாள்கூட ஒண்ணையும் அறுத்ததில்ல. மாசம் ஒருக்கா எண்ணெ மட்டும் போடுவாக. தம்பி வந்து கேட்டா இப்பிடித்தான் கீழ வச்சுக் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. நீங்க வந்து கேக்கவே இல்லையே."

குனிந்து எடுத்தேன். அதைப் பெல்ட்டில் வைக்கப்போனால் அங்கே ஏற்கெனவே ஒரு கத்தி இருந்தது. அது சந்தையில் நான் வாங்கிய ஏழாவது கத்தி.