கோட்டுக்கு முன்னால் மேளம்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஊரில் பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆட்களுக்கு முன்னால் நாலு வார்த்தை சேர்த்துப் பேசவே கூச்சப்படுகிறவன் நான். அப்படிப்பட்டவன், எங்கள் ஆட்கள் அதிகம் பார்க்காத ஒரு விளையாட்டைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கதைத்ததெல்லாம் இதைப் பற்றித்தான். எனக்குள் அது இன்னும் ஓயவில்லை.

விளையாட்டு அமெரிக்கன் புட்போல். சுவிஸில், ஆராவ் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கழகத்தின் பெண்கள் அணியில் என் மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். முழங்கால் சவ்வு கிழிந்தபின் இனி ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சில மாதம் அறைக்குள் கிடந்தாள். பிறகு கழகத்து ட்ரெய்னர், வயதான சுவிஸ்காரர், அவளைக் கூப்பிட்டு வேறு பொறுப்பொன்றைக் கொடுத்தார். அணியிடம் பந்து இருக்கும்போது ஒவ்வொரு முறையும் என்ன செய்வது, ஓடுவதா எறிவதா உதைப்பதா என்று கோட்டுக்கு வெளியே நின்று சொல்வது. அந்தப் பொறுப்பு கிடைத்த பிறகுதான் அவள் மறுபடியும் எங்களோடு மேசையில் இருந்து சாப்பிடத் தொடங்கினாள். அதனால் அது எனக்கும் சின்ன விஷயம் இல்லை.

சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பிரெஞ்சு பேசுகிற பக்கத்து ரெனானிலிருந்து என் அண்ணன் ரயிலில் வந்திருந்தார். தம்பியின் மகள், தன் பெறாமகள், ஆட்டத்தை நடத்துவதைப் பார்க்க அதுதான் முதல் தடவை. வெறுங்கையோடு வரவில்லை. கோடைகாலத்தில் எங்கள் ஆட்களின் உதைபந்தாட்டப் போட்டிகளுக்குக் கொண்டுபோகிற மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். அங்கே எங்கள் பக்கத்துப் பெடியன்கள் கோலை நெருங்க நெருங்க மேளம் ஏறவேண்டும். அண்ணன் அதில் பெயர் எடுத்தவர்.

ஆனால் இந்த விளையாட்டில் வழக்கம் தலைகீழ். பந்து அசைவதற்கு முன்பு ஆட்டக்காரிகள் கல்லைப் போல நிற்கவேண்டும். பந்து எறிகிறவள் எண்ணிச் சொல்லுவாள், பேசி வைத்த எண்ணில்தான் எல்லோரும் பாயவேண்டும். ஒருத்தி முந்தி அசைந்தாலும் ஐந்து யார்டு பின்னுக்குப் போகவேண்டும். ஆகவே எங்கள் அணியிடம் பந்து இருக்கும்போது நாங்கள் மூச்சுக் காட்டமாட்டோம். மற்ற அணியிடம் பந்து போனால் தகரத்தைத் தட்டியாவது சத்தம் போடுவோம்.

முடிவுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. நாங்கள் மூன்று புள்ளி பின்னுக்கு. எங்கள் அணி எதிரணியின் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில், நாலு முயற்சிகளில் கடைசியில் நின்றது; தவறினால் பந்து மற்ற அணிக்கு. உதைத்துக் கம்பங்களுக்கு நடுவால் அனுப்பினால் மூன்று புள்ளி, ஆட்டம் சமன். பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் ஆறு புள்ளி, அநேகமாக வெற்றி. மகள் ஓடச் சொன்னாள். ஒரு யார்டு என்பது ஒரு ஆள் முன்னால் விழுந்தால் முடிகிற தூரம். ட்ரெய்னரும் தலையாட்டினார்.

அப்போதுதான், அதுவரை அண்ணனின் மடியில் கிடந்த மேளம் பக்கத்தில் எழும்பியது.

"அண்ணை, இப்ப அடிக்கேலாது. பந்து எங்கடை ஆக்களிட்டை" என்றேன்.

"எங்கடை ஆக்களிட்டைப் பந்து இருக்கேக்கை அடிக்காமல் வேறை எப்ப தம்பி அடிக்கிறது?"

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஜெர்மனில் ஏதோ சொன்னார்கள். பிரெஞ்சுப் பக்கத்திலேயே சீவிக்கிற அண்ணனுக்கு அது விளங்கவில்லை. மேளம் பிடித்திருக்கிறது என்று நினைத்து அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் பலமாக அடித்தார். என் குரல் இரண்டாம் தடவை வெளியே வரவில்லை. மைதானத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி எண்ணிக்கை கேட்காமல் முந்திப் பாய்ந்தாள். நடுவர் மஞ்சள் துணியை எறிந்தார். ஐந்து யார்டு பின்னுக்கு.

இப்போது ஆறு யார்டு. உதைக்கிறவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். மகள் எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு எறியச் சொன்னாள். பந்தை எதிரணிக்காரி ஒருத்தி தட்டி விழுத்தினாள். ஆட்டம் போய்விட்டது.

ட்ரெய்னர் அவளைத் திட்டவில்லை. வரும் சனிக்கிழமை ஆட்டத்தில் வென்றால்தான் அணி அடுத்த சுற்றுக்குப் போகும், அதில் யார் உத்தி சொல்வது என்று திங்கட்கிழமை பயிற்சியில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாள் மகள்.

ஞாயிறு காலை தேநீரோடு அண்ணன் தொடங்கினார். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அது வழக்கு விசாரணையாகிவிட்டது. கரண்டி ஒன்றைக் கோடாக வைத்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் வடைகளையும் அந்தப் பக்கம் ரோல்ஸையும் நிறுத்தினார்.

"இப்ப சொல்லு பிள்ளை. இவ்வளவு கிட்டத்திலை நிண்டுகொண்டு ஏன் உதைக்கேல்லை? மூண்டை வாங்கிச் சமன் செய்துபோட்டு மிச்சத்தைப் பாத்திருக்கலாமே."

"பெரியப்பா, அந்த மிச்சத்திலை பந்து ஆரிட்டை இருக்கும்?"

"ஆரிட்டை?"

"அவையளிட்டை. சமன் செய்தால் பிறகு நாங்கள்தான் அவையளுக்குப் பந்தை உதைச்சுக் குடுக்கவேணும். எங்கடை தடுக்கிற பிள்ளையள் களைச்சுப் போச்சினம். நேராய் ஓடிவந்து அடிச்சிருப்பினம்."

"எறிஞ்சு தவறினாலும் பந்து அவையளுக்குத்தானே?"

"ஓம். ஆனால் அவையள் தங்கடை கோட்டுக்குக் கிட்ட நிண்டு தொடங்கவேணும். மைதானம் முழுக்க வரவேணும். அதோடை காத்து. எங்கடை பிள்ளை முதல் உதைச்ச ரெண்டும் வெளியாலை போனது."

"மூண்டாவது போயிருக்கும்."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"உனக்கு எப்பிடித் தெரியும் போகாதெண்டு?"

மனைவி சோற்றுச் சட்டியோடு வந்து, "உங்கடை தடுக்கிற ஆக்கள் ஆறிப்போகினம், தின்னுங்கோ" என்று ஒரு ரோல்ஸை எடுத்து அண்ணனின் தட்டில் போட்டாள். அண்ணன் அதைத் திரும்ப எடுத்துக் கோட்டில் வைத்தார்.

நான் தண்ணீர் எடுக்க எழும்பினேன். குடிக்காமல் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். குளிர்கிறது என்றாள் மனைவி. மூடினேன். மகளின் தட்டுக்குப் பக்கத்தில் கைபேசி கிடந்தது. திங்கட்கிழமை என்று சொன்ன மனிதர் ஞாயிற்றுக்கிழமை எடுக்கமாட்டார் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அது அதிரும்போதெல்லாம் இரண்டு பேரும் பார்த்தோம்.

என்னை அலைக்கழித்தது அது மட்டும் இல்லை. இத்தனை வாதத்திலும் அவள் மேளத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஆறு யார்டைப் பற்றிக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். ஒரு யார்டு எப்படி ஆறு யார்டானது என்பதற்குப் பக்கத்திலும் போகவில்லை. அண்ணன் போனார்.

"எல்லாத்துக்கும் காரணம் அந்த முந்திப் பாஞ்ச விசரி. அவளைத்தான் முதல் வெளியாலை விடவேணும்."

"அவளிலை பிழையில்லை, பெரியப்பா."

"பிறகு ஆரிலை?"

மகள் வடை ஒன்றைப் பிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்கள் எண்டால் என்ன செய்திருப்பியள்?"

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒருமுறை சமையலறைப் பொறுப்பை எனக்குத் தருகிறோம் என்று கேட்டார்கள். மற்றவர்களுக்கு வேலை சொல்லவேண்டும், கூட்டங்களில் பேசவேண்டும். எனக்கு இதுவே போதும் என்று சொல்லிவிட்டு பாத்திரப் பக்கம் போய்விட்டேன். கிடைக்கிற மூன்று புள்ளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவன் நான். மகளுக்கு அது நன்றாகத் தெரியும். அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"உதைச்சிருப்பன்" என்றேன்.

அண்ணன் மேசையில் தட்டினார். "பாத்தியோ. கொப்பனே சொல்லுறான்."

மகள் தலையைக் குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பி நின்றேன்.

"ஆனால் அண்ணை, ஒரு யார்டிலை நான் உதைச்சிருக்கமாட்டன். அதிலை நானும் ஓடத்தான் சொல்லியிருப்பன். அதை ஆறாக்கினது அந்தப் பிள்ளையில்லை. எங்கடை மேளம். எண்ணிறது அவளுக்குக் கேக்கேல்லை."

"அப்பா, விடுங்கோ" என்றாள் மகள்.

அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "உண்மையோ பிள்ளை?"

அவள் கொஞ்சம் யோசித்து, "ஓம்" என்றாள்.

அண்ணன் கரண்டியை எடுத்து, துடைத்து, சோற்றுச் சட்டிக்குள் வைத்தார். வடைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டார்.

"அந்தச் சனம் திரும்பித் திரும்பிப் பாத்தது..."

"நிப்பாட்டச் சொல்லித்தான் அண்ணை."

"நான் அதுகளுக்குத் தலையாட்டிச் சிரிச்சனான்." தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு மகளிடம், "அந்த ட்ரெய்னற்றை நம்பரைத் தா. நான் கதைக்கிறன். என்ரை பிழை, பிள்ளையின்ரை இல்லை எண்டு சொல்லுறன்."

"எந்தப் பாஷையிலை?" என்றாள் மனைவி.

"பிரெஞ்சிலை. அந்தாளும் சுவிஸ்காரன்தானே, விளங்கும்."

"வேண்டாம் பெரியப்பா" என்றாள் மகள். "சாட்டுச் சொல்லுறன் எண்டு நினைப்பார். சத்தத்துக்கை விளையாடப் பழக்கியிருக்கவேணும், அதுவும் என்ரை வேலைதான். ஆறு யார்டிலை எறியச் சொன்னதும் நான்தான். திருப்பி அந்த இடத்திலை விட்டாலும் எறியத்தான் சொல்லுவன்."

"திருப்பியுமோ?"

"திருப்பியும்."

அண்ணன் என்னைப் பார்த்து, "இது உன்ரை பிள்ளைதானோ தம்பி?" என்றார். மனைவி சிரித்துவிட்டாள். எனக்கு முடியவில்லை. ட்ரெய்னர் முன்னால் அவள் இதே வார்த்தையைச் சொன்னால் என்ன நடக்கும் என்றுதான் எண்ணம் போனது.

மாலையில் அண்ணனை ஆராவ் நிலையத்துக்கு நடந்தே கூட்டிக்கொண்டு போனேன். மகளும் வந்தாள். அண்ணன் ரயில் வந்து நின்ற பிறகுதான் கேட்டார்.

"அப்ப வாற சனி நான் வரலாமோ, இல்லையோ?"

"வாங்கோ. மேளத்தையும் கொண்டு வாங்கோ" என்றாள். "அவையளிட்டைப் பந்து இருக்கேக்கை அடியுங்கோ. கை நோகுமட்டும் அடியுங்கோ."

"நீ அங்கை நிப்பியோ?"

"தெரியாது பெரியப்பா. நாளைக்குத்தான் தெரியும்."

மறுநாள் திங்கட்கிழமை, நான் வேலையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை அவள்தான் உத்தி சொல்வாள், ஆனால் கோட்டுக்குப் பத்து யார்டுக்குள் போனால் ட்ரெய்னர் சொல்வார். சரி என்று பதில் அனுப்பிவிட்டு மிச்சப் பாத்திரங்களை அடுக்கினேன்.