குமாரசாமியின் காற்றாடி ரேடியோ

நாமகிரிப்பேட்டைப் பண்ணையக்காரர் குமாரசாமி பொய் சொல்லாதவர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரைக் கொடுத்தவரும் அவரேதான்.

ஊருக்குக் கரண்டு வராத அந்த நாளில் அவர் வீட்டில் ரேடியோ பாடியது. கூரைக்கு மேல் ஒரு காற்றாடி. அது சுற்றினால் பேட்டரி நிறையும், பேட்டரி நிறைந்தால் ரேடியோ பாடும்.

"காத்து இருக்கறவரைக்கும் வருஷம் பூராப் பாடுமுங்க. பேட்டரியத் தூக்கிட்டுச் சேலத்துக்கு அலையற பொழப்பு நமக்கில்லீங்க" என்று அவர் முழங்காத சந்தை நாளே கிடையாது.

ஆடி மாதம் அவர் பேச்சைக் காப்பாற்றியது. கார்த்திகை காப்பாற்றவில்லை. காற்றாடி அசையாமல் நின்றது, பேட்டரி செத்தது. அந்த நேரம் பார்த்து, மகள் சௌந்திரத்தைப் பெண் பார்க்க வருவதாகவும், அப்படியே காற்றுப் பாட்டைக் கேட்பதாகவும் ஓமலூரிலிருந்து சொல்லியனுப்பினார்கள்.

"பொண்ணுதான பாக்க வாராங்க? பாட்டு இல்லீனா என்னுங்க?" என்றாள் மனைவி சென்னியம்மாள்.

"என்ற பேச்சு என்னாவறது?" என்றார் குமாரசாமி.

பேச்சைக் காப்பாற்ற ரகசியமாகச் சேலம் போய்ப் பேட்டரியில் கரண்டு ஏற்றினார். யார் கண்ணிலும் படாமலிருக்க அதைப் பழைய நெய் டின்னுக்குள் இறக்கி மூடி, பெண் பார்க்கும் நாளன்று மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார்.

ராசிபுரத்தில் ஏறிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நெய் வியாபாரி.

"ஏனுங்க, பசு நெய்ங்களா, எருமை நெய்ங்களா?"

"பசுதானுங்க."

"மோந்து பாக்கலாமுங்களா?"

"சாமிக்கு நேந்ததுங்க!" குமாரசாமி டின்னைக் கட்டிக்கொண்டார். பஸ் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. தொடையில் ஏதோ ஈரம்.

ஊரில் இறங்கியவர் பின்வாசல் வழியாக ஓடிப் பேட்டரியை மாட்டினார். வேட்டி மாற்ற நேரமில்லை, வாசலில் ஓமலூர்க்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பா செங்கோடன். கூடவே மாப்பிள்ளையின் தாய்மாமன் அர்த்தநாரி. அதே நெய் வியாபாரி.

ரேடியோ அருமையாகப் பாடியது. செங்கோடன் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"காத்தாடி நிக்குதுங்களே?"

"காலைல நல்ல காத்துங்க" என்று எழுந்தார் குமாரசாமி. வேட்டியின் முன்பக்கம் எழவில்லை. பேட்டரித் திராவகம் தின்ற துணி கந்தல் கந்தலாக உதிர்ந்தது.

அர்த்தநாரி உற்றுப் பார்த்தார். "நானும் முப்பது வருசமா நெய் விக்கறனுங்க. வேட்டி திங்கற நெய்யப் பாத்ததில்லீங்க."

குமாரசாமி பக்கத்திலிருந்த தாம்பாளத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார். "நெய் இல்லீங்க, பேட்டரிங்க. சேலத்துல கரண்டு ஏத்தியாந்தனுங்க. காத்தாடி ஆடி மாசத்துக்கு மட்டுந்தானுங்க."

"அப்பப் பொண்ணப் பத்திச் சொன்னதெல்லாம்?" என்றார் செங்கோடன்.

சென்னியம்மாள் கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"அதெல்லாம் நான் சொன்னதுங்க. அவரு ஒரு வார்த்த சொல்லலீங்க."

செங்கோடன் யோசித்தார். "அப்பச் சரிங்க, பொண்ணக் கூப்புடுங்க" என்றார்.

உள்ளே எல்லாரும் வெற்றிலை பாக்கு வைக்கத் தாம்பாளத்தைத் தேடினார்கள். குமாரசாமி மட்டும் தேடவில்லை.