ஜாவாவிலை நான் சத்தம் போடேல்லை

எங்கடை புளொக்கிலை மேல்வீட்டை ஒரு இளம் சோடி வாங்கி வந்திருக்கு. நல்ல பிள்ளையள்தான். படியிலை கண்டால் சிரிச்சு "ஹெய்" சொல்லுங்கள். ஆனாலும் அதுகள் மேலை நடக்கிற சத்தம் கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வருது. அந்த வீட்டிலை காலமையிலை கேக்கவேண்டிய சத்தம் வேறை. கல்லிலை மிளகாயும் உள்ளியும் அரைபடுற சத்தம்.

அரைச்சவ ஜாவாக்காரி. நோர்வேக்காரனைக் கலியாணம் கட்டி எங்கடை ரொம்சோசுக்கு வந்து, மனுசன் செத்தாப் பிறகும் தனிய அதே வீட்டிலை இருந்தவ. ஒரே மகன், அவனும் தூரத்துப் பேர்கன் நகரத்திலை. நாங்கள் ரெண்டு பேரும் நொஷ்க்கிலை, அதுதான் நோர்வே மொழியிலை, கதைக்கிறது. ரெண்டு பேற்றை நொஷ்க்கும் நொண்டி நொஷ்க். ஆனால் ஒருத்தரை ஒருத்தர் நல்லா விளங்கும். நான் வயசுக்கு மூத்தவள் எண்டபடியால் என்னை "ம்பாக்" எண்டு கூப்பிடுவா. அவையின்ரை ஊரிலை அக்கா எண்டு சொல்லுற மாதிரி.

என்ரை குசினிக்கு வந்தாவெண்டால் எதைக் குடுத்தாலும் வேண்டாம் எண்டு கையை மறிப்பா. ஆர் கேட்டது? "கதையாமல் சாப்பிடும்!" எண்டு கோப்பையிலை புட்டைக் கொட்டிக் குழம்பையும் விட்டிடுவன். "மனுசிதான் வேண்டாம் எண்டுதே, விடனப்பா" எண்டுவார் என்ரை மனுசன். "நீங்கள் சும்மா இருங்கோ!" அவவோ கையாலை வாயை மூடிச் சிரிச்சுப்போட்டு, ஒரு பருக்கை மிச்சம் வையாமல் சாப்பிடுவா. ஒருநாள் கோப்பையைக் கழுவிக்கொண்டு சொன்னா, "என்னை ஏசுறதுக்கு இந்த நாட்டிலை உங்களை விட்டால் ஆர், ம்பாக்?" நான் அதையும் பகிடியெண்டுதான் எடுத்தனான்.

போன வருசம் ஒரு மாதம் ஊருக்குப் போகப்போறன், நீங்களும் வாங்கோ எண்டு கேட்டா. எனக்கும் பனியைப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. ரெண்டு பேருமா ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போய்ப் பயணப் பெட்டி வாங்கினனாங்கள். எனக்குச் சிவப்பு, அவவுக்கு நீலம். சோலோ எண்ட நகரத்திலை அவவின்ரை தமக்கை வீடு. தமக்கையும் தாலியறுத்த மனுசி, தனிக்கட்டை.

போன முதல் நாளே நான் பிழைவிட்டிட்டன். மல்லிகை வாசத்தோடை தேத்தண்ணி வந்தது, மூடியாலை மூடி முன்னாலை வைச்சினம். எனக்குத் தொண்டை காஞ்சு கிடந்தது, எடுத்து மடமடவெண்டு குடிச்சன். வீட்டுக்காரர் "குடியுங்கோ" எண்டு சொல்லுமட்டும் தொடக்கூடாதாம்! விரலாலை ஒண்டையும் காட்டக்கூடாது, பெருவிரலாலைதான் காட்டோணும். பெரியாக்கள் இருக்கிற இடத்தாலை போறதெண்டால் குனிஞ்சு போகோணும். நான் கதைச்சால் தமக்கைக்கு ஒவ்வொரு தரமும் தோள் துள்ளும், பாவம். என்ரை தொண்டை அப்பிடி, நான் என்ன செய்யிறது?

பிலாக்காயைத் தேங்காய்ப் பாலிலை விட்டு, பனங்கட்டி மாதிரி ஒரு சக்கரையும் போட்டு, கறுக்கும் வரைக்கும் அவிப்பினம். கூடெக் எண்டு பேர். ஒரு வாய் வைச்சன். "கண்டறியாத பிலாக்காய்! இதுக்கு ஆரும் சக்கரை போடுவினமோ?" எண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டன். அவ அதைத் தமக்கைக்கு நீட்டி முழக்கி மொழிபெயர்த்தா. தமக்கையின்ரை முகம் மலர்ந்து, இன்னும் ரெண்டு கரண்டி போட்டா. என்னத்தைச் சொல்லிக் குடுத்தாவோ தெரியாது! வேறை வழியில்லாமல் சாப்பிட்டன். கோதாரி, நாள் போகப் போக அது இல்லாமல் சோறு இறங்கேல்லை.

அங்கை ஆரும் ஒண்டையும் நேரை கேக்கமாட்டினம், நேரை மறுக்கவும் மாட்டினம். தமக்கை ஒவ்வொரு நாளும் முத்தம் கூட்டிப்போட்டு வந்து, "பின்னறையிலை இப்ப நல்ல காத்து வருது" எண்டுவா. தலையணை உறையை மாத்துவா. ஓமாக்கும், காத்து வருதாக்கும் எண்டுதான் நான் நினைச்சனான். தங்கச்சியை நிக்கச் சொல்லிக் கேக்கிற விதம் அது எண்டு எனக்கு ஆர் சொன்னது?

வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் பின்னேரம் நல்ல மழை. பாயிலை இருந்து உடுப்பு மடிச்சுக்கொண்டிருந்தனாங்கள். அவ தலை நிமிராமல் சொன்னா, "அக்கா நான் இஞ்சையே நிண்டால் நல்லமெண்டு நினைக்கிறா போலை."

"உமக்கென்ன விசரோ? நீர் இஞ்சை நிண்டால் நான் அங்கை ஆரோடை கதைக்கிறது? பெட்டியைக் கட்டும்!" நாக்கு நுனிவரைக்கும் வந்திட்டுது. அந்த நேரம் பாத்துத் தமக்கை பொரிச்ச அப்பளத்தோடை உள்ளை வந்து, குனிஞ்சு, என்னைக் கடந்து போய் இருந்தா. ஒரு மாதமாப் படிச்ச மரியாதை முழுக்க எனக்கு அப்பதான் ஞாபகம் வரோணும்! குரலை இறக்கி, "உமக்கு எது நல்லதெண்டு உமக்குத்தானே தெரியும்" எண்டன்.

"ரொம்சோசிலை பனிக்காலம் வழுக்கும்" எண்டா.

"ஓம், அதுவும் சரிதான்."

"இஞ்சை சொந்தமெண்டு ஆக்கள் இருக்கினம்."

"ஓம்."

அவ மடிச்ச உடுப்பை ஒதுக்கி வைச்சா. தேத்தண்ணியை என்ரை பக்கம் தள்ளி, "குடியுங்கோ" எண்டா. நானும் அவ சொல்லுமட்டும் பொறுத்திருந்துதான் குடிச்சன். நீங்கள் இப்ப ஜாவாக்காரி மாதிரியே வந்திட்டியள் எண்டு தமக்கை புகழ்ந்தா. விசரி நான், அதைக் கேட்டுப் பெருமைப்பட்டன்.

அடுத்த நாள் ரெண்டு பேரும் என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தினம். காரின்ரை பின்பக்கம் திறக்கேக்கை என்ரை சிவப்புப் பெட்டிக்குப் பக்கத்திலை நீலப் பெட்டியும் கிடந்தது. ஏனெண்டு கேக்க வாய் உன்னிச்சு. நேரை கேட்டால் மரியாதையில்லை எண்டு அடக்கினன். கும்பிட்டு, மெல்லச் சிரிச்சு, குனிஞ்சு விடைபெற்றன். அவவும் சிரிச்சா.

மகன் வந்து மேல்வீட்டை வித்தான். அரைக்கிற கல்லை என்னட்டைத் தந்திட்டுப் போனான். இஞ்சை குறொன்லாண்ட் கடையளிலை பிஞ்சுப் பிலாக்காய் ரின்னிலை விக்கிறாங்கள், வாங்கிச் சக்கரை போட்டு அவிச்சுப் பாத்தன். சரிவரேல்லை. அதைக் காட்டத்தான் போன ஞாயிற்றுக்கிழமை அவவுக்கு வீடியோ கோல் எடுத்தனான். பலதும் பத்தும் கதைச்சுப்போட்டுக் கேட்டன், "அது சரி, அண்டைக்கு அந்த நீலப் பெட்டி ஏன் காருக்குள்ளை கிடந்தது?"

அவ கையாலை வாயை மூடினா. ஆனால் சிரிக்கேல்லை.

"என்னட்டையும் ரிக்கற் இருந்ததெல்லே, ம்பாக். வீட்டிலை அக்காவுக்கு முன்னாலை வெக்கப்பட்டிட்டியள், விமான நிலையத்திலையெண்டாலும் ஏசிக் கூட்டிக்கொண்டு போவியள் எண்டு நினைச்சன். நீங்கள் வலு வடிவாச் சிரிச்சுக்கொண்டு நிண்டியள்."

அப்பதான் எனக்குச் சத்தம் வந்தது. "உமக்கு வாயில்லையோ? வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதோ? ஆரைக் கேட்டு அங்கை நிண்டனீர்? வெளிக்கிட்டு வாரும் இஞ்சை!" எண்டு குசினி அதிரக் கத்தினன். மனுசன் ஓடிவந்தார். மேலை அந்தப் பிள்ளையள் நடக்கிறதை நிப்பாட்டிச்சினம்.

நான் கத்தி முடியுமட்டும் அவ கேட்டுக்கொண்டே இருந்தா. பேந்து கண்ணைத் துடைச்சுப்போட்டுச் சொன்னா.

"இப்ப ஏசுறியள், ம்பாக். வீட்டை வித்தாச்சே."