கடைசி முடிச்சு

இது கதை இல்லை. நடந்தது. "மலை மேல காத்து கம்மி, மூளை குழம்பும்" என்று விளக்கம் சொல்லப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். சோபாவில் சாய்ந்துகொண்டு மூடுபனிக்கு விளக்கம் சொல்ல எங்கள் குடும்பத்திலேயே ஆள் இருக்கிறார். என் அக்கா வீட்டுக்காரர்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கைடு அத்தான்'. போகாத ஊருக்கெல்லாம் வழி சொல்வார். பிள்ளைகளோடு மலைத் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று முடிவானதுமே புது பூட்ஸ் வாங்கினார், இரும்பு முனை வைத்த கைத்தடி வாங்கினார், கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டார். ஒரு மாதம் அதையெல்லாம் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்தார். மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுத்து வரச் சொன்னால் மட்டும் முட்டி வலிக்கும்.

நான் நர்சரி டீச்சர். நான் கொண்டுபோனது ஒரு கயிறு. பள்ளியில் பிள்ளைகளை ரோடு தாண்டிக் கூட்டிப்போகும் முடிச்சுக் கயிறு. முடிச்சுக்கு ஒரு பிள்ளை. கடைசி முடிச்சு எப்போதும் பெரியவர் கையில். முன்னால் போகிற டீச்சர் ஒரு தரம் இழுத்தால், பிள்ளைகள் வரிசையாக ஆளுக்கு ஒரு தரம் இழுப்பார்கள். கடைசியில் இருக்கிற பெரியவர் இரண்டு தரம். அந்த இரண்டு வந்துவிட்டால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். டீச்சர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பிள்ளைகள் நின்று ஒன்றன்மேல் ஒன்று மோதும். வருஷக்கணக்காகத் திரும்பாமல் நடந்தவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

கால்வலி என்று சொல்லி அக்கா அடிவாரத்தில் காரிலேயே இருந்துவிட்டாள். புத்திசாலி. மேலே போனது நான், அத்தான், அக்காவின் இரண்டு பையன்கள், என் ஐந்து வயது மகள் சுண்டு. ஏறும்போது அத்தான் கயிற்றைத் தொடவே இல்லை.

"நான் என்ன எல்கேஜியா?" என்றார்.

இறங்கும்போது மூடுபனி பிடித்தது. மணி மூன்று. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வலது பக்கம் சரிவு. மூன்று பிள்ளைகளையும் கீழே கொண்டு சேர்க்க வேண்டும், எனக்கு வேறு நினைப்பில்லை.

"கயித்தப் பிடிங்க அத்தான்."

"போ, போ. பின்னாடிதான் வர்றேன்."

கொஞ்ச தூரம் போனதும் கயிற்றை இழுத்தேன். பெரியவன், ஒன்று. சின்னவன், ஒன்று. சுண்டு, ஒன்று. கொஞ்சம் தாமதித்து... இரண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. மூடுபனியைப் பார்த்ததும் ஐயா எல்கேஜியில் சேர்ந்துவிட்டார்.

அப்புறம் ஒன்று கவனித்தேன். கைத்தடிச் சத்தம் கேட்கவில்லை. ஏறும்போது கல்லுக்குக் கல் டக் டக் என்று குத்திக்கொண்டே வந்த தடி. அதைவிட அதிசயம், அத்தான் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அக்காவுக்குக் கிடைக்காத அமைதி.

சுண்டு மட்டும் முணுமுணுவென்று பேசிக்கொண்டு வந்தாள்.

"யாருகிட்டடி பேசற?"

"பின்னாடிம்மா."

பெரியப்பாவிடம் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

திடீரென்று கயிறு கனத்தது. யாரோ அதில் தொங்குகிற மாதிரி.

"தொங்காதீங்க அத்தான். பிள்ளைங்க கை வலிக்கும்."

உடனே கயிறு இலகுவானது. பதிலாக இரண்டு இழுப்பு. இந்த மனிதர் யார் பேச்சையும் ஒரே தடவையில் கேட்டதில்லையே என்று தோன்றியது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்று நாற்பதுக்கு விசில் கேட்டது.

பின்னாலிருந்து இல்லை. கீழே... வெகு கீழே.

"எங்க இருக்கீங்க? நான் குறுக்குவழில எப்பவோ வந்துட்டேன்..."

அத்தானின் குரல்.

என் கையில் கயிறு அசைந்தது. நான் இழுக்கவில்லை.

இரண்டு.

திரும்பவில்லை. பள்ளி விதிக்காக அல்ல. பயம். வெறும் பயம்.

"சுண்டு... முடிச்ச விட்டுட்டு முன்னாடி வா. அம்மா கையப் பிடி."

வந்தாள். கை சில்லென்று இருந்தது.

கயிறு மறுபடி அசைந்தது.

ஒன்று. ஒன்று.

ஒன்று...

மூன்றாவது முடிச்சில் யாரும் இல்லை. சுண்டு என் கையில் இருந்தாள்.

"பசங்களா, கயித்த விடுங்க. சித்தி சட்டையப் பிடிச்சுக்கோங்க. ஓடாதீங்க. நடங்க."

கயிற்றைக் கீழே போட்டேன்.

சரசரவென்று அது பின்னால் போகும் சத்தம் கேட்டது.

வனத்துறைச் சாவடி விளக்கு தெரிகிறவரை நாங்கள் நிற்கவில்லை. அத்தான் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். "ஏன் இவ்வளவு நேரம்?" என்றார்.

"சித்தி கயித்த மேலயே போட்டுட்டாங்க" என்றான் பெரியவன்.

காவலர் நிமிர்ந்தார். "முடிச்சுப் போட்ட கயிறா? நீங்க டீச்சரா?"

தலையாட்டினேன்.

"போன வருஷமும் ஒரு டீச்சர் அப்படித்தான் பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்தாங்க. கடைசி முடிச்சுல பெரியவங்க இல்ல, ஒரு பொண்ணு. கீழ வர்ற வரைக்கும் இழுத்தா பதில் வந்துட்டே இருந்துச்சாம். இங்க வந்துதான் திரும்பிப் பாத்தாங்க. முடிச்சுல ஆளில்ல. இன்னும் கிடைக்கல."

"ஈரக் கயிறு காத்துல ஆடும், அதான்" என்றார் அத்தான். அந்தக் கைத்தடியாலேயே அவரை ஒன்று போடலாம் போலிருந்தது.

கார் கிளம்பியது. நான் முன் சீட்டில். பிள்ளைகள் அக்காவோடு பின் சீட்டில். பையன்கள் தூங்கிவிட்டார்கள்.

"அம்மா, அந்த அக்காவுக்கு ஒரு தடவ இழுக்கத்தான் தெரிஞ்சுச்சு. நீங்க பெரியவங்க, ரெண்டு இழுக்கணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

சுண்டு என் சீட்டுக்குப் பின்னால் எட்டி நின்றாள்.

"அவங்க ஒண்ணு கேட்டாங்கம்மா."

"...என்ன?"

"டீச்சருங்க யாருமே திரும்பிப் பாக்க மாட்டாங்களான்னு."

அப்போதும் நான் திரும்பவில்லை.