சொல்லாமல் மாற்றிய வண்டி

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. முப்பத்தெட்டாம் எண் பலகையைத் தாண்டியதும் சின்னராசுவின் காரில் மணி அடிக்கத் தொடங்கும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று எச்சரிக்கும் மணி. அந்த இருக்கையிலோ யாரும் இருக்க மாட்டார்கள். நாற்பத்தொன்றாவது வளைவுக்குள் மணி தானாகவே நின்றுவிடும்.

மனைவி கோகிலாவின் காரியம் முடிந்து, மிளகு மூட்டை விலை பேச அவர் மறுபடியும் கீழே போய்வரத் தொடங்கிய வாரத்தில் ஆரம்பித்தது இது. முதல் முறை மழை ஈரத்தால் வந்த கோளாறு என்று நினைத்தார். இரண்டாம் முறை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சேலத்துக்குக் கொண்டுபோய் இருக்கையின் சென்சாரையே மாற்றினார். புதுச் சென்சாரும் முப்பத்தெட்டில் அடித்து, நாற்பத்தொன்றில் நின்றது.

சின்னராசு மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டுக்காரர். இருபது வயதில், மலைமேல் கடைவீதி இருக்கும் செம்மேட்டில் வாடகை ஜீப் ஓட்டினார். பிறகு மிளகு வாங்கி விற்றுக் கையில் நாலு காசு சேர்ந்தது. குடி இல்லை, சீட்டு இல்லை. அவருக்கு இருந்த ஒரே பித்து வண்டி. மிளகு விலை உச்சிக்குப் போன ஆண்டில் கோயம்புத்தூர் டாக்டர் ஒருவரிடமிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி மேலே கொண்டுவந்தார். கருநீலம், இரண்டே கதவு, ஆறு சிலிண்டர். மிதியைத் தொட்டால் போதும், வேட்டை நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்கிற மாதிரி பாயும். பத்தாவது வளைவில் அவர் திரும்பினால் இருபதாவதில் டீ குடிப்பவர்கள், "சின்னராசு வாரான்" என்று மாட்டை ஓரம் கட்டினார்கள்.

கோகிலாவுக்கு அந்த நிறம் பிடிக்கும், வேகம் பிடிக்காது. ஏறியதும் பெல்ட் போட மாட்டாள். மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

"கண்ணு, மணி அடிக்குது பாரு."

"அடிக்கட்டும். கோயில் மணின்னு நெனச்சுக்குங்க. கயிறு கழுத்த அறுக்குதுங்க எனக்கு."

நாலைந்து வளைவு பொறுத்துப் பார்த்துவிட்டு, வண்டியை ஓரம் நிறுத்தி, அவரே குனிந்து பெல்ட்டை இழுத்து மாட்டிவிடுவார். அதற்காகத்தான் அவள் போடாமல் இருந்தாளோ என்று இப்போது அவருக்குத் தோன்றியது.

ஒருமுறை, வளைவில் காலால் தரையை அழுத்திப் பிடித்தபடி அவள் கேட்டாள்: "ஏனுங்க, இதே வண்டிய, இதே நெறத்துல, பாதி சக்தியோட செய்ய மாட்டாங்களா?"

"செய்யறாங்களே. நாலு சிலிண்டர். உருவம் இதேதான், உள்ள சத்து இருக்காது."

"எனக்கு அது போதும். இதுல வந்தா ஒடம்பு முன்னால வந்துருது, உசுரு ரெண்டு வளைவு பின்னால நிக்குது."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இப்போது அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

அவர்கள் ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கீழே ஆஸ்பத்திரியில் உயிர் போனால், உடலை மேலே கொண்டுவரும்போது நெருங்கிய சொந்தம் ஒருவர் கூடவே உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு பெயரைச் சொல்லி, "வளைவு வந்துருச்சு, கூடவே வா" என்று கூப்பிட வேண்டும். வழியில் வண்டி மாற்றினால் அதையும் சொல்ல வேண்டும். செத்தவர்களுக்கு நேர்வழி மட்டும்தான் தெரியுமாம். திரும்புகிற இடத்தில் சொல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார்களாம்.

கோகிலாவுக்கு நாமக்கல்லில் நெஞ்சடைத்து உயிர் போனது. அவளுடைய தம்பி சதீஷ்குமார் ஆம்புலன்ஸில் கூட வந்தான். சின்னராசு, வீட்டில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்லித் தன் காரில் முன்னால் போனார். ஏற்பாடு செய்ய மேலே ஆட்கள் இருந்தார்கள். உண்மையில் அந்த வெள்ளை வண்டிக்குப் பின்னால் மெதுவாக வர அவருக்கு நெஞ்சில் திராணி இல்லை. மிதித்தார். செம்மேட்டில் நின்று காத்திருந்தபோது ஆம்புலன்ஸ் வர வெகுநேரம் ஆனது. அங்கே உடலை ஜீப்புக்கு மாற்றினார்கள். அவருடைய அக்கா பெருமாயி, "கோகிலா, வண்டி மாத்தறோம் சாமி, எறங்கி வா" என்று உரக்கச் சொன்னாள். எல்லாம் முறைப்படி நடந்த மாதிரிதான் இருந்தது.

மணி அடிக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் சதீஷ்குமாருக்கு போன் போட்டார். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

"மாப்ள, அன்னைக்கு எழுபது வளைவும் கூப்பிட்டியா?"

அந்தப் பக்கம் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"மாமா... முப்பத்தேழு வரைக்கும் கூப்பிட்டேங்க. அப்பறம் தல சுத்தி வாந்தி வந்துருச்சு. அப்படியே சாஞ்சுட்டேன். கண்ண முழிச்சா செம்மேடு. சொன்னா கொல்லிமலைக்காரனுக்கே வளைவு வாந்தியான்னு சிரிப்பாங்கன்னு..."

சின்னராசு போனை வைத்தார்.

அதன்பிறகு முப்பத்தெட்டு என்றாலே அவருக்குப் பயம். மணி அடித்ததும் மெதுவாகப் போகப் பார்த்தார். அந்த வண்டிக்கு மெதுவாக ஏறத் தெரியாது. மிதியில் விரல் நுனி பட்டாலே குதிக்கும்; குதித்ததும் மணி நின்றுவிடும். ஏறியவளை மூன்று வளைவுக்குள் உதறிவிட்டு வருகிறோம் என்று அவருக்குத் தோன்றியது. அவள் மறுபடியும் அந்தப் பலகைக்கு நடந்து இறங்குவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

விற்றுவிட்டு நாலு சிலிண்டர் வாங்குவது என்று முடிவு செய்தார். அதே உருவம், அதே கருநீலம்.

"குதிரைய வித்துட்டு, குதிரத் தோலப் போத்துன கழுதைய வாங்கறியா?" என்றாள் பெருமாயி. "ஊரே சிரிக்குது தம்பி."

"கழுதைன்னா நின்னு ஏத்திக்கும்க்கா."



பழைய வண்டியை ஈரோட்டு ஜவுளிக்காரர் இளங்கோ கேட்டிருந்தார். கொண்டுபோய்க் கொடுத்த அன்று மலை முழுக்கப் பனிமூட்டம். முன்னால் ஒரு மரவள்ளி லாரி உருண்டுகொண்டிருந்ததால் அந்த வண்டி முதல்தடவையாக மாட்டு வண்டி போல இறங்கியது. விற்கிற வண்டி மணியடித்துக்கொண்டு போய் நின்றால் நன்றாக இருக்காது என்று, கிளம்பும்போதே காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டி வைத்திருந்தார்.

புது வண்டியை ஓட்டி வந்த அன்று மலையடிவாரமான காரவள்ளியிலேயே வேகத்தைக் குறைத்தார். மெதுவாக, மிக மெதுவாக ஏறினார். முப்பத்தேழு. முப்பத்தெட்டு. பலகைக்குக் கீழே வண்டியை நிறுத்தினார். "கோகிலா" என்றார். மணி அடிக்கவில்லை. முப்பத்தொன்பது, நாற்பது... எழுபதாவது வளைவு வரை எஞ்சினின் சன்னமான உறுமலைத் தவிர வேறு சத்தமே இல்லை.

மறுமுறையும் அப்படித்தான். அதற்கு மறுமுறையும். இருக்கையில் கையால் அழுத்திப் பார்த்தார், உடனே அடித்தது. சென்சாரில் கோளாறு இல்லை. மணி அடித்த நாட்களில் பயந்த மனுஷர், அடிக்காத நாட்களில் சோறு இறங்காமல் கிடந்தார்.

அப்போதுதான் இளங்கோ போனில் கூப்பிட்டார்.

"அண்ணா, வண்டி தங்கமா இருக்குங்க. ஒண்ணே ஒண்ணு. பக்கத்து சீட்டுல ஆளில்லாமலே பெல்ட்டு மணி அடிக்குதுங்க. உங்ககிட்ட இருந்தப்பவும் அடிச்சுதுங்களா?"

சின்னராசு எழுந்து நின்றுவிட்டார். "எங்க அடிக்குது? வளைவுலயா?"

"ஈரோட்டுல ஏதுங்க வளைவு? வண்டிய எடுத்தா அடிக்குது, நிறுத்துனா நிக்குது. நீங்க போட்டுட்டு வந்த பெல்ட்டக் கழட்டுன நாள்ல இருந்து இதே ரோதன. எம் பொண்டாட்டி, ஏதோ பொம்பள ஒக்காந்திருக்கான்னு வண்டில ஏற மாட்டேங்கறா." இளங்கோ சிரித்தார்.

சின்னராசு போனை வைத்துவிட்டு அக்காவிடம் அதைச் சொன்னார். மரவள்ளி சீவிக்கொண்டிருந்த பெருமாயி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு மெதுவா எறங்குன. அவ ஏறிட்டா. பெல்ட்டு போட்டிருந்ததால உனக்குத் தெரியல." அவள் குரல் தாழ்ந்தது. "ஏன்டா, பொண்டாட்டிகிட்டச் சொல்லாம வண்டிய மாத்திட்டியா?"

மறுநாள் காலையிலேயே ஈரோட்டுக்குப் புறப்பட்டார். ஜவுளிக் கிடங்கின் வாசலில் இரண்டு கருநீலக் கார்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது எது எதென்று பின்பக்க எழுத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

"ஒரு சாமான விட்டுட்டுப் போயிட்டேனுங்க" என்றார் சின்னராசு.

"நான் எதையும் பாக்கலீங்களே. தேடிக்குங்க அண்ணா."

பழைய வண்டியின் இடப்பக்கக் கதவைத் திறந்தார். புது வண்டியின் இடப்பக்கக் கதவையும் திறந்து வைத்தார். கிடங்கில் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது. செம்மேட்டில் அக்கா உரக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அவரும் உரக்கவே சொன்னார்.

"கோகிலா, வண்டி மாத்தறோம் கண்ணு. எறங்கி வா. நீ கேட்டியே, அந்த வண்டிதான்."

சற்று நின்று, பழைய வண்டியின் கதவைச் சாத்தினார். புது வண்டிக்குள் குனிந்து, காலி இருக்கையின் குறுக்கே பெல்ட்டை இழுத்து, கழுத்தை அறுக்காத உயரத்துக்கு இறக்கி மாட்டினார். கை தானாகச் செய்த வேலை அது.

இளங்கோவின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. "அண்ணா, இப்ப எடுத்துப் பாக்கட்டுங்களா? மணி அடிக்குதான்னு?"

"நான் போன பொறவு பாருங்க."

காரவள்ளியைத் தாண்டி முதல் வளைவில் ஹாரன் அடித்தார். "கோகிலா, வளைவு வந்துருச்சு, கூடவே வா." இரண்டு. மூன்று. கீழிருந்து ஏறிய பைக்குக்காரப் பையன்கள், தனியாகப் பேசிக்கொண்டு போகும் மனிதரைப் பார்த்துக் கிண்டலாக விசில் அடித்துக்கொண்டு முந்திப் போனார்கள். அவர் ஒதுங்கி வழிவிட்டார். பன்னிரண்டாவது வளைவில் போன் அடித்தது. இளங்கோ. சின்னராசு எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. திரையைக் கவிழ்த்து வைத்தார்.

முப்பத்தெட்டு நெருங்கும்போதுதான் அது அவருக்கு உறைத்தது. பெல்ட் மாட்டியிருக்கிறது. அவள் இருந்தாலும் மணி அடிக்காது, இல்லாவிட்டாலும் அடிக்காது. கையை நீட்டிப் பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை ஒரு அழுத்து அழுத்தினால் தெரிந்துவிடும்.

பலகைக்குக் கீழே வண்டி நின்றது. பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி இடப்பக்கக் கண்ணாடியை மூடிக்கொண்டிருந்தது. அவர் விரல் பொத்தான் மேல் இருந்தது. மணி அடித்தால் சரி. அடிக்காவிட்டால்? ஈரோட்டில் விட்டாரா, நாமக்கல்லில் விட்டாரா, கீழே எந்தத் திருப்பத்தில் சொல்ல மறந்தார்? அடித்தாலும், இந்த இடத்தில், இந்தப் பலகைக்குக் கீழே, கட்டியவளை அவிழ்த்துப் பார்ப்பதா?

விரலை எடுத்தார்.

"முப்பத்தெட்டு, கோகிலா. இங்க எறங்காத. கூடவே வா."

மீதி வளைவுகள் முழுவதும் அவர் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் கம்மிவிட்டது, ஆனாலும் ஒன்றைக்கூட விடவில்லை. செம்மேட்டுக் கடைவீதியில் தெரிந்தவர்கள் கை காட்டினார்கள். அவரும் தலையசைத்தார், வாய் ஓயாமல்.

வீட்டு முன்னால் பெருமாயி சொம்பில் தண்ணீரோடு நின்றாள்.

"வந்தாளா?"

"தெரியலக்கா. பெல்ட்டு போட்டிருக்கு."

பெருமாயி மூடியிருந்த இடப்பக்கக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தாள். "அப்பறம் எதுக்கு அவளக் கட்டியே வெச்சிருக்க? எறங்கச் சொல்லு."

சின்னராசுவின் கை பெல்ட்டுக்குப் போனது; பாதியில் நின்றது. எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் எஞ்சினை அணைத்தார். டயலில் இருந்த விளக்குகள் எல்லாம் அணைந்து, இனி மணி அடிக்காது என்று ஆகும் வரை பொறுத்தார். அதன்பிறகுதான் பெல்ட்டைக் கழற்றினார்.

சுற்றி வந்து கதவைத் திறந்தார்.

"ஊடு வந்துருச்சு கண்ணு."

கோகிலா இறங்க எப்போதும் நேரம் ஆகும். சேலைத் தலைப்பைச் சேர்த்துப் பிடித்து, செருப்பைக் காலால் துழாவி, அப்புறம்தான் இறங்குவாள். அவ்வளவு நேரமும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.